பழைய கார்ல பெற்றோல் பம்ப் பழுதாப் போட்டுதா? கழட்ட முதல் இதுகளைப் பாருங்கோ

என்ட 110 கொரோலாவில பெற்றோல் பம்ப் மூண்டு தரம் மாத்தியிருக்கிறன். அதில உண்மையா பழுதாப்போனது ஒரே ஒரு பம்ப்தான். மற்ற ரெண்டு தரமும் நல்ல பம்பைக் கழட்டி வைச்சிட்டு காசு குடுத்து இன்னொரு நல்ல பம்பைப் போட்டு, பிறகும் கார் ஸ்டார்ட் ஆகாம முத்தத்தில நிண்டு தலையைச் சொறிஞ்சனான். அதால கார் என்ன குணம் காட்டுது எண்டு பாத்து பாத்து எழுதுறன், உங்கட காருக்கு எது பொருந்துதோ அங்க நேரா போங்கோ. கடைசியில கழட்டிப் பூட்டுற வேலையும் இருக்கு.

நான் இருக்கிறது திருகோணமலையில அலஸ்தோட்டம் பக்கம், கடல் காத்து இருவத்திநாலு மணித்தியாலமும் அடிக்கிற இடம். உப்புக்காத்தில கனெக்டர் எல்லாம் பச்சை பிடிக்கும், போல்ட் எல்லாம் கறள் கட்டும். கண்டியில இருக்கிற ஆளுக்கு வராத பிழையெல்லாம் எங்களுக்கு வரும், இதை மனசில வைச்சுக்கொண்டே வாசியுங்கோ.

முதல்ல சத்தத்தைக் கேளுங்கோ

ஈஎஃப்ஐ கார்களில, அதாவது கார்ப்ரேட்டர் இல்லாம இன்ஜெக்டரால பெற்றோல் அடிக்கிற கார்களில, பம்ப் பெரும்பாலும் பெற்றோல் டாங்குக்குள்ளதான் இருக்கும். பின் சீட்டில காதை வைச்சுக்கொண்டு இன்னொராளை திறப்பை ஓன் பண்ணச் சொல்லுங்கோ. நிசான் சனி மாதிரியான கார்களில திறப்பைத் திருப்பின உடன ஒண்டு ரெண்டு செக்கன் 'ம்ம்ம்' எண்டு ஒரு இரைச்சல் வந்து நிக்கும். ஆனா பழைய டொயோட்டா பலதில அப்பிடி வராது, செல்ஃப் அடிக்கேக்கதான் பம்ப் ஓடும். இது தெரியாம திறப்பைத் திருப்பிப் பாத்திட்டு 'சத்தமில்லை, பம்ப் போட்டுது' எண்டு முடிவெடுக்கிற ஆக்கள் கனபேர்.

டொயோட்டாவுக்கு இன்னொரு வழி இருக்கு. பொனட்டைத் திறந்தா உள்ள ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, மூடியில டயக்னோசிஸ் எண்டு போட்டிருக்கும். மூடியின்ட உள்பக்கம் எந்த ஓட்டைக்கு என்ன பேர் எண்டு எழுதியிருக்கு. 'பிளஸ் பி'யையும் 'எஃப் பி'யையும் ஒரு துண்டு வயரால தொடுத்து திறப்பை ஓன் பண்ணினா எஞ்சின் ஓடாமலே பம்ப் ஓடும். வடிவா ரெண்டு தரம் வாசிச்சுப் பாத்திட்டு வயரைக் குத்துங்கோ, ஓட்டை மாறினா கம்பியூட்டரே போயிடும், பிறகு பம்ப் விலையை நினைச்சு அழத் தேவையில்லை.

செல்ஃப் நல்லா அடிக்குது, எஞ்சின் பிடிக்குதில்லை, பின்னால சத்தமும் இல்லை

பம்புக்கு கறண்ட் போகுதா எண்டதுதான் முதல் கேள்வி. ஈஎஃப்ஐ பியூஸைப் பாருங்கோ, கண்ணால பாத்தா காணாது, மீற்றரால பாருங்கோ. பிறகு ரிலே, பம்புக்கு கறண்டைத் திறந்துவிடுற சின்ன சுவிட்ச் பெட்டி. அதே மாதிரி ரிலே இன்னொண்டு பெட்டிக்குள்ள இருந்தா மாத்திப் போட்டுப் பாக்கிறது ஒரு நிமிஷ வேலை. செல்ஃப் அடிக்கேக்க ஆர்பிஎம் முள்ளு கொஞ்சமாவது துள்ளுதா எண்டும் பாருங்கோ. துள்ளாட்டி பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரிச்சுக் குடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் சிக்னல் இல்லாம இருக்கலாம், எஞ்சின் சுத்துது எண்டு கம்பியூட்டருக்கு தெரியாட்டி கனக்க கார்களில அது ஸ்பார்க்கும் குடுக்காது பம்பையும் ஓட விடாது. அப்ப ரெண்டும் ஒண்டா இல்லாமப்போகும், நாங்க பம்பைப் பிடிச்சு திட்டிக்கொண்டிருப்பம்.

இதெல்லாம் சரியெண்டா ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லிப்போட்டு டாங்கின்ட அடியில ரப்பர் சுத்தியலாலயோ செருப்பாலயோ ரெண்டு தட்டுத் தட்டுங்கோ. திடீரெண்டு பம்ப் ஓடி கார் ஸ்டார்ட் ஆகினா மோட்டருக்குள்ள இருக்கிற கார்பன் பிரஷ் தேஞ்சு போட்டுது எண்டு அர்த்தம். இந்த ஒரு இடத்தில மட்டும் யோசிக்காம பம்ப் வாங்குங்கோ. தட்டித்தட்டி ரெண்டு கிழமை ஓடலாம், பிறகு கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில யானை நிக்கிற றோட்டில பொழுதுபடேக்க கைவிடும். எனக்கு முதலாவது பம்ப் அப்பிடித்தான் போனது. காரை விட்டு இறங்கி டாங்கில தட்டவும் பயம், இறங்காம இருக்கவும் பயம், பின்னால வந்த லொறிக்காரர் லைற்றைப் போட்டுக்கொண்டு பக்கத்தில நிக்க செருப்பைக் கழட்டி அடிச்சு ஸ்டார்ட் பண்ணி வீட்ட வந்து சேந்தன்.

அந்தப் பம்ப் ஏன் போனது எண்டும் தெரியும். 2022ல பெற்றோல் இல்லாத காலம், கியூஆர் கோட் காட்டி பங்கீட்டில கிடைக்கிறதை அடிச்சுப்போட்டு மாசக்கணக்கா முள்ளு சிவப்பில கிடக்கிற மாதிரியே ஓடினனான். டாங்குக்குள்ள இருக்கிற பம்பை குளிர வைக்கிறது அதைச் சுத்தியிருக்கிற பெற்றோல்தான், பெற்றோல் அடியில கிடந்தா மோட்டர் சூடாகும், அடியில படிஞ்சு கிடக்கிற ஊத்தையையும் சேத்து இழுக்கும். பக்கத்தில சீனக்குடாவில வெள்ளைக்காரன் காலத்தில கட்டின 99 எண்ணெய் டாங்க் நிக்குது, என்ட கார் டாங்குக்குள்ள அஞ்சு லீட்டர் இல்லை. இப்ப கால்வாசிக்கு கீழ இறங்க விடுறதில்லை.

சத்தம் வருது, ஆனா கார் ஸ்டார்ட் ஆகுதில்லை

இதுதான் நான் ரெண்டு தரம் ஏமாந்த இடம், அதால கொஞ்சம் விரிவா சொல்லுறன். பம்ப் சத்தம் போடுறது வேற, பெற்றோலைத் தள்ளுறது வேற. 110ல இருக்கிற 5ஏ எஞ்சினுக்கு, பெற்றோல் பிரஷரைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரின்ட வக்கூம் ஹோஸைக் கழட்டி வைச்சுப் பாத்தா 38ல இருந்து 44 பிஎஸ்ஐ பிரஷர் காட்டோணும், ஹோஸ் பூட்டி எஞ்சின் சும்மா ஓடேக்க 30க்கும் 37க்கும் இடையில நிக்கும். இருவது பிஎஸ்ஐ வந்தாலும் பின் சீட்டில அதே இரைச்சல்தான் கேக்கும். பிரஷர் கேஜ் இல்லாம இதைக் கண்டுபிடிக்க ஏலாது, கராஜ்காரரிட்ட ஒரு நாளைக்கு கேட்டு வாங்கினாலும் வாங்குங்கோ.

கேஜ்ல பிரஷர் குறைவா? மிஞ்சின பெற்றோலை டாங்குக்கு திருப்பிக் கொண்டுபோற ரிட்டர்ன் ஹோஸை துணி சுத்தி குறடால மெல்லமா ஒரு செக்கன் நெரியுங்கோ, அதுக்கு மேல வேண்டாம். முள்ளு சடாரெண்டு ஏறினா பம்பில பலம் இருக்கு, ரெகுலேட்டர்தான் பெற்றோலைத் திருப்பி விடுது. ஏறாட்டி பில்டர் அடைப்பு, இல்லாட்டி டாங்குக்குள்ள விசயம்.

டாங்குக்குள்ள விசயம் எண்டது எனக்கு இப்பிடி வந்தது. முதல் பம்ப் மாத்தேக்க பம்புக்கும் மேல இருக்கிற பைப்புக்கும் நடுவில ஒரு சின்ன ஹோஸ், ரெண்டு அங்குலம்கூட வராது, பழசு இத்துப்போய்க் கிடந்ததால கடையில சாதாரண பெற்றோல் ஹோஸ் ஒரு துண்டு வாங்கி வெட்டிப் போட்டனான். பெற்றோல் ஹோஸ்தானே பெற்றோலுக்குள்ள இருந்தா என்ன எண்டு நினைச்சன். சாதாரண ஹோஸின்ட உள்பக்கம்தான் பெற்றோலைத் தாங்கும், வெளிப்பக்கம் தாங்காது. டாங்குக்குள்ள உள்ளயும் வெளியயும் பெற்றோல். ஆறு மாசத்தில ஊதி வெடிச்சு, பம்ப் அடிக்கிற பெற்றோல் அந்த வெடிப்பால திரும்ப டாங்குக்குள்ளயே கொட்டுது, இரைச்சல் மட்டும் வடிவா கேக்குது. நானோ 'கடைக்காரன் டூப்ளிகேட் பம்ப் தந்திட்டான்' எண்டு அவனோட போய்க் கதைச்சு சண்டைபிடிச்சு இன்னொரு பம்ப் வாங்கினன். திறந்து பாத்தாப் பிறகுதான் வெக்கமாப்போச்சு. டாங்குக்குள்ள போடுற ஹோஸ் எண்டு கேட்டு வாங்குங்கோ, அதில ஜே30ஆர்10 எண்டு அச்சடிச்சிருக்கும், விலை கூடத்தான், ஆனா ஒரு சின்னத் துண்டுதானே தேவை.

மூண்டாவது தரம் இன்னும் மோசம். பம்ப் ஓடுது, ஆனா நித்திரை தூங்குற மாதிரி ஒரு சோம்பல் சத்தம். பிரஷர் 25. திரும்பவும் பம்ப் எண்டு முடிவெடுத்து புதுசு போட்டா அதே 25. அப்பதான் மல்டிமீற்றரை எடுத்தன், முதலே எடுத்திருக்கோணும். கனெக்டரைக் கழட்டிப் பாத்தா 12 வோல்ட் வடிவா காட்டுது. கழட்டி வைச்சுப் பாத்தா எப்பவும் காட்டும், அதில கறண்ட் ஓடேல்லத்தானே. கனெக்டர் பூட்டியிருக்கேக்க, பம்ப் ஓடேக்க, பின்பக்கத்தால ஊசியை விட்டுப் பாக்கோணும். அப்பிடிப் பாத்தா பிளஸ் பக்கம் 12.1, கறுப்பு (எர்த்) வயருக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில 3.4. கறுப்பு வயரில 0.2, 0.3 வோல்டுக்கு மேல வரவே கூடாது. அப்ப பம்புக்கு கிடைக்கிறது ஒன்பது வோல்ட்கூட இல்லை. கறுப்பு வயர் பொடியோட சேர்ற போல்டைத் தேடிக் கழட்டினா பச்சையும் வெள்ளையுமா உப்புப் பூத்துக் கிடக்கு. சான்ட் பேப்பரால தேய்ச்சு தகரம் பளபளக்க வைச்சு இறுக்கி மேல கொஞ்சம் கிரீஸ் பூசிவிட்டன், பிரஷர் 40க்குப் போட்டுது. செலவு சான்ட் பேப்பர் ஒரு துண்டு.

கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள், உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு ஆரா இருந்தாலும் சரி, பம்ப் வாங்கப் போக முதல் பிளஸ் வயர், கறுப்பு வயர் ரெண்டின்ட வோல்ட் அளவையும் இப்பிடி எடுத்துப்போட்டுப் போங்கோ.

காலமை முதல் ஸ்டார்ட் மட்டும் கஷ்டம்

நாலு தரம் நீட்டி செல்ஃப் அடிச்சா பிடிக்குது, பிறகு நாள் முழுக்க பிரச்சினை இல்லை எண்டா ராத்திரி லைனில பிரஷர் இறங்கிப்போகுது. நிப்பாட்டி அஞ்சு நிமிஷத்துக்குப் பிறகும் 21 பிஎஸ்ஐக்கு கீழ போகக்கூடாது. பெற்றோல் திரும்பி இறங்காம மறிக்கிற, பம்பின்ட வாயில இருக்கிற செக் வால்வ் கசியலாம், ரெகுலேட்டர் கசியலாம், இன்ஜெக்டர் சொட்டலாம். காசில்லாட்டி அவசரமில்லை, இதால கார் றோட்டில நிக்காது.

ஓடிக்கொண்டிருக்கேக்க உதறி நிக்குது, பத்து நிமிஷத்தில திரும்ப ஓடுது

டவுனுக்குள்ள பிரச்சினை இல்லை, அனுராதபுரச் சந்தி தாண்டி நீட்டுக்கு மிதிச்சா உதறுது, ஆக்சிலேட்டரை விட்டா சரியாகுது. இப்பிடி எண்டா பம்பின்ட அடியில இருக்கிற வலை அடைச்சிருக்கு எண்டு முதல்ல நினையுங்கோ. வேகமா இழுக்கேக்க ஊத்தை வலையில ஒட்டும், காரை நிப்பாட்டினா விழுந்திடும், பிறகு ஒண்டும் நடக்காத மாதிரி ஓடும். கலனில வைச்ச பெற்றோலை வடிக்காம ஊத்தின கார்களுக்கு இது வரலாம். வெளிய இருக்கிற பில்டரையும் சேத்து மாத்துங்கோ.

அதுக்கு முதல் ஒரு சும்மா டெஸ்ட் இருக்கு. உதறேக்க ஓரமா நிப்பாட்டி டாங்க் மூடியைத் திறவுங்கோ. 'புஸ்ஸ்' எண்டு காத்தை உள்ள இழுத்து, பிறகு கார் நல்லா ஓடினா டாங்குக்கு காத்துப் போற வழி அடைச்சிருக்கு. எங்கட சொந்தக்காரர் ஒருத்தர்ட வேனுக்கு அந்த வென்ட் பைப்புக்குள்ள குளவி மண்ணால கூடு கட்டி வைச்சிருந்தது.

மாரி மழைக்குப் பிறகு தொடங்கின உதறல் எண்டா கொஞ்சம் பெற்றோலை எடுத்து கண்ணாடிப் போத்தலில ஒரு மணித்தியாலம் வையுங்கோ, தண்ணி இருந்தா அடியில பிரிஞ்சு நிக்கும்.

வெயில்ல நிப்பாட்டினா ஸ்டார்ட் ஆகாது, பின்னேரம் ஆகும்

தொண்ணூறுகளில வந்த ஹொண்டா எண்டா பம்பைத் தொடாதேங்கோ. அதில மெயின் ரிலேக்குள்ள ஈயம் ஒட்டின இடம் வெடிக்கும், சூட்டில விரிஞ்சு தொடுப்பு விட்டுப்போகும். ரிலேயைக் கழட்டித் திறந்து திரும்ப ஈயம் ஒட்டினா சரி. ரேடியோ திருத்துற ஆளே செய்து தருவார்.

கறுப்புப் புகை, பெற்றோல் மணம், சூடா இருக்கேக்க ஸ்டார்ட் கஷ்டம்

ரெகுலேட்டரின்ட வக்கூம் ஹோஸைக் கழட்டிப் பாருங்கோ, உள்ள பெற்றோல் ஈரம் இருந்தா ரெகுலேட்டர் கிழிஞ்சு போட்டுது. பம்ப் பாவம்.

கார்ப்ரேட்டர் கார் வைச்சிருக்கிற ஆக்கள்

டிஎக்ஸ் வேகன், மாருதி 800 மாதிரியான கார்களில பம்ப் எஞ்சினில பூட்டியிருக்கும், காம் ஷாஃப்ட் தள்ளுற தள்ளுக்கு ஓடும், டாங்கைத் திறக்கத் தேவையில்லை. அதில முக்கியமா பாக்கிறது எஞ்சின் ஒயில். டிப் ஸ்டிக்கில ஒயில் கூடிக்கொண்டு போய் பெற்றோல் மணந்தா பம்புக்குள்ள ரப்பர் கிழிஞ்சு பெற்றோல் ஒயிலோட கலக்குது, அப்பிடியே ஓடினா பேரிங் போகும். பம்பும் மாத்தி ஒயிலும் மாத்துங்கோ. ஈஎஃப்ஐ பம்ப் ஒண்டைக் கொண்டுவந்து கார்ப்ரேட்டருக்கு குடுக்கவே வேண்டாம், அதுக்கு தேவை அஞ்சு பிஎஸ்ஐக்கு உள்ள, இது அடிக்கிறது நாப்பது. மொரிஸ் மைனரில 'டக் டக்' எண்டு அடிக்கிற எஸ்யூ பம்ப் நிண்டா உள்ள பொயின்ற் கறுத்திருக்கும், தேய்ச்சு விட்டா திரும்ப அடிக்கும்.

சரி, பம்ப்தான் எண்டு முடிவாகிட்டுது. மாத்துவம்

எந்த நாள் செய்யிறது எண்டு முதல்ல பாத்துத் தெரிவுசெய்யுங்கோ. நான் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் டாங்கைத் திறந்து வைச்சுக்கொண்டு குனிஞ்சு நிக்க, பின்னால அம்மா சாம்பிராணித் தட்டோட முத்தத்துக்கு வந்திட்டா. நான் கத்தின கத்தில தட்டைப் போட்டிட்டு ஓடினவ, ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. வெட்டவெளியில, நிழலில, காத்தோட்டமா நிப்பாட்டுங்கோ. வீட்டில எல்லாருக்கும் சொல்லுங்கோ. நுளம்புத் திரி, சிகரெட், குசினி அடுப்பு, குண்டு பல்ப் லைற் ஒண்டும் கிட்ட வேண்டாம், எல்ஈடி டோர்ச் மட்டும். டிரை பவுடர் தீயணைப்பான் ஒண்டு கைக்கெட்டிற தூரத்தில. டாங்கில கால்வாசிக்கு கூட இருந்தா கைப்பம்பால எடுத்து கலனில மூடி வையுங்கோ, வாயால உறிஞ்சாதேங்கோ, நெஞ்சுக்குள்ள போனா ஆஸ்பத்திரிதான்.

லைனில இருக்கிற பிரஷரை இறக்கோணும். பம்ப் ஓடுற நிலையில இருந்தா பம்ப் ரிலேயைப் புடுங்கிப்போட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கோ, கொஞ்சம் ஓடி தானா நிக்கும், இன்னொருக்கா செல்ஃப் அடிச்சு விடுங்கோ. பம்ப் செத்திருந்தா ராத்திரி முழுக்க நிண்ட காரில பெரிசா ஒண்டும் இருக்காது, எண்டாலும் ஹோஸ் கழட்டேக்க துணியால மூடிக்கொண்டு கழட்டுங்கோ. பிறகு டாங்க் மூடியைத் திறந்து காத்தை விட்டு, பற்றரி மைனஸைக் கழட்டி ஒதுக்கி வையுங்கோ.

110ல பின் சீட்டின்ட இருக்கிற பகுதியை முன்விளிம்பில பிடிச்சு மேல இழுத்தா கொழுவி விடும். கீழ ஒரு தகர மூடி, சுத்தி தார் மாதிரி ஒரு பசை. அதைக் கழட்டினா பம்பின்ட தலை தெரியும், அதுக்கு மேல நிலாவெளி மண் ஒரு பிடி இருக்கும். உடன கழட்டாதேங்கோ! பிரஷால கூட்டி, ஈரத்துணியால துடைச்சு, ஒரு மண்கூட உள்ள விழாத மாதிரி செய்யுங்கோ, இப்ப விழுகிற மண் நாளைக்கு புது வலையில இருக்கும். கனெக்டரைக் கழட்டி, எந்த ஹோஸ் எதில எண்டு போனில படம் எடுத்துப்போட்டு போனைத் தூர வைச்சிட்டு ஹோஸைக் கழட்டுங்கோ. சுத்திவர இருக்கிற ஸ்க்ரூக்களுக்கு முதல் நாளே கறள் இளக்கிற ஒயில் விட்டு வையுங்கோ, தலை தேஞ்சா பிறகு துளைக்கத்தான் வேணும், திறந்த டாங்குக்கு மேல ட்ரில் போட்டுத் துளைக்கிற அளவுக்கு ஆரும் விசர் இல்லை.

தூக்கேக்க நேரா தூக்க வராது, சரிச்சு சரிச்சு எடுக்கோணும், மிதவைக் கம்பி வளைஞ்சா பெற்றோல் முள்ளு சாகும்வரைக்கும் பொய் சொல்லும். ஓட்டையை உடன துணியால மூடுங்கோ. மூட முதல் டோர்ச் அடிச்சு அடியைப் பாருங்கோ, கறள் தூள் கிடந்தா டாங்கை இறக்கிக் கழுவாம புது பம்ப் போட்டு வேலையில்லை.

பம்ப் தாங்கியில அடியில ஒரு ரப்பர், மேல அந்தச் சின்ன ஹோஸ், ரெண்டு வயர், அவ்வளவுதான். வயர் பிளஸ் மைனஸ் மாறினா மோட்டர் எதிர்ப்பக்கம் சுத்தும், சத்தம் வரும் பெற்றோல் வராது, மேல சொன்ன கூத்து திரும்பத் தொடங்கும். டாங்குக்குள்ள டேப் சுத்தாதேங்கோ, பசை கரைஞ்சு வலையில போய் ஒட்டும். புது வலை, புது ஹோஸ், புது கிளிப், புது கஸ்கட், நாலும் போடுங்கோ. பழைய கஸ்கட்டைத் திரும்பப் போட்டு காருக்குள்ள பெற்றோல் மணத்தோட ஹபரணை வரைக்கும் போன ஆள் ஒருத்தரைத் தெரியும், திரும்பி வரேக்க கண்ணாடி நாலும் திறந்திருந்தது.

பம்பை வெறும் மேசையில வைச்சு பற்றரி குடுத்து ஓட்டிப் பாக்கிற ஆசை எல்லாருக்கும் வரும். பெற்றோல் இல்லாம ஓடினா உள்ளுக்க தேயும், பொறியும் பறக்கும். விடுங்கோ.

ஸ்க்ரூவை எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்கோ. கனெக்டரைப் பூட்டேக்கயே கறுப்பு வயர் போல்டையும் கழட்டித் தேய்ச்சு விடுங்கோ, அங்க நிக்கிறீங்கதானே. பற்றரியைப் பூட்டி, பத்து லீட்டராவது ஊத்தி, நாலஞ்சு தரம் திறப்பை ஓன் ஓஃப் பண்ணியோ டயக்னோசிஸ் பெட்டியில வயர் போட்டோ பம்பை ஓட விட்டு, சீட்டைப் பூட்டாம ஹோஸ் சேர்ற இடமெல்லாம் விரலால தடவிப் பாருங்கோ. ஈரமில்லையெண்டா ஸ்டார்ட் பண்ணுங்கோ. ஒரு ராத்திரி சீட் இல்லாமலே விட்டு காலமை கதவைத் திறந்து மணந்து பாத்திட்டுப் பிறகு சீட்டைப் போடுங்கோ.

நான் சும்மா கழட்டின அந்த ரெண்டு நல்ல பம்பும் டிக்கியில ஷொப்பிங் பேக்குக்குள்ள சுத்திக் கிடக்கு. தம்பலகாமத்தில ஒரு 110 வைச்சிருக்கிற மச்சான் ஒண்டைக் கேக்கிறார், முதல்ல உங்கட கறுப்பு வயரில எத்தினை வோல்ட் எண்டு பாத்திட்டு வாங்கோ எண்டு சொல்லியிருக்கிறன், இன்னும் வரேல்லை.